கணினியின் சூட்டைப் படித்துச் சொல்வது யார்?



செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கம் போய் வந்தவர்கள், அங்கே வட்டமான ஓர் அழுத்தமானியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குள் ஒரு முள் ஆடிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். முள் அந்தக் கோட்டை நெருங்கினால் கவனிக்க வேண்டும் என்பது ஆலையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அந்த முள் பழுதாகி, எப்போதும் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மானியே இல்லாத கொதிகலனைவிட அது ஆபத்தானது. மானி இல்லையென்றால் மனிதன் எச்சரிக்கையாக இருப்பான். பொய் சொல்லும் மானி இருந்தால் நிம்மதியாக இருந்துவிடுவான்.

நம் பிள்ளைகள் வீட்டில் பாடம் படிக்கப் பயன்படுத்தும் கணினிக்குள்ளும் இப்படிப்பட்ட மானிகள் இருக்கின்றன. அவை எப்படி அளக்கின்றன, அளந்ததை யார் வாசிக்கிறார்கள், அந்த வாசிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், கணினிக்கு ஏன் மானி வேண்டும்? கணினியின் மூளை என்று சொல்லப்படும் செயலி, நம் நகத்தின் அளவே உள்ள ஒரு சில்லு. மேசைக் கணினியில் இருக்கும் ஒரு சாதாரணச் செயலி 65 வாட் வரை மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதைக் கையால் தொட முடியுமா? அவ்வளவு சூடும் நகத்தளவு இடத்தில் பிறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள மேலே உலோகத் தகடுகள் இருக்கின்றன. தகடுகளுக்குக் காற்று வீச ஒரு விசிறி இருக்கிறது. தகடுகளுக்கு இடையில் தூசி அடைத்துவிட்டாலோ, விசிறி தேய்ந்து நின்றுவிட்டாலோ சூடு வெளியேற வழியில்லை. அப்போது செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே சூடு ஏறினால் கணினி சட்டென்று அணைந்துவிடும். பிள்ளை எழுதிக்கொண்டிருந்த கட்டுரையும் அதோடு போய்விடும்.

பல குடும்பங்களில் இந்த நிலையில்தான் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். “பலகை போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டால் நாமும் நம்பிவிடுகிறோம். சூட்டையும் விசிறியின் வேகத்தையும் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தால், தூசி தட்டினால் தீரும் நோய்க்குப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. ஆகவே இது படித்தவர்கள் மட்டும் அறிய வேண்டிய சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சூட்டை அளக்கும் சிறு சில்லுகளை உணரி என்று சொல்கிறோம். 1990-களில் அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் என்ற நிறுவனம் எல்.எம்.75, எல்.எம்.78 என்ற இரண்டு சில்லுகளை விற்றது. எல்.எம்.75 எட்டுக் கால்கள் கொண்ட சிறிய சில்லு. அது சூட்டை மட்டும் அளக்கும். எல்.எம்.78 சற்றுப் பெரியது. சூடு, மின் அழுத்தம், விசிறியின் வேகம் ஆகிய மூன்றையும் அளக்கும். இவற்றைப் போலப் பல நிறுவனங்களின் சில்லுகள் பின்னர் வந்தன. இன்று செயலிக்கு உள்ளேயே உணரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் சில்லுகளோடு பேசுவதற்கு இரண்டே கம்பிகள் போதும். ஒரு கம்பி தாளம் போடும். மற்றொரு கம்பியில் செய்தி போகும். ஐ-டூ-சி என்று பெயர் பெற்ற இந்த முறையை ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கியது. இதன் நெருங்கிய உறவுமுறை ஒன்றைத்தான் கணினிப் பலகைகள் பயன்படுத்துகின்றன. லயத்து வீடுகளுக்கு எண் இருப்பதுபோல் ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் எண் உண்டு. எல்.எம்.75 சில்லுகளுக்கு 72 முதல் 79 வரை எட்டு எண்கள். ஆகவே ஒரே கம்பியில் எட்டுச் சில்லுகளைக் கட்டலாம். “எழுபத்திரண்டாம் எண், உன் சூடு என்ன?” என்று கேட்டால் அந்தச் சில்லு மட்டும் பதில் சொல்லும்.

என்ன பதில் சொல்லும்? “90” என்று சொல்லும். நேயர்களே, இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். சூடு 90 பாகை என்று இதற்குப் பொருளில்லை. எல்.எம்.75 அரைப் பாகை அரைப் பாகையாக எண்ணும் பழக்கமுடையது. 90 அரைகள் என்றால் 45 பாகை. அதுபோலவே, பனி பெய்யும் நாட்டில் இதே சில்லு “511” என்று சொன்னால், அது சுழியத்துக்கு அரைப் பாகை கீழே என்று பொருள். இந்த வழக்கத்தை அறியாதவன் 511-ஐப் பாதியாக்கி, 255 பாகைக்கு மேல் சூடு என்று எழுதிவிடுவான்.

இங்கேதான் இன்றைய பேச்சின் நாயகனைப் பார்க்கிறோம். அவன் பெயர் டிரைவர். லாரி ஓட்டுகிறவரை எண்ணிக்கொள்ள வேண்டாம். கணினியில் டிரைவர் என்பது ஒரு சிறு நிரல். அதாவது ஒரு குறிப்பிட்ட கருவியின் மொழியை அறிந்த கட்டளைத் தொகுப்பு. யானைக்குப் பாகன் எப்படியோ, சில்லுக்கு டிரைவர் அப்படி. ஒரு யானையின் பாகன் சொல்லும் சொல் மற்றொரு யானைக்குப் புரியாமல் போகலாம். அதுபோல எல்.எம்.75-இன் டிரைவரைக் கொண்டு வேறொரு சில்லைப் படிக்கப் போனால் தவறான எண் வரும்.

இந்த டிரைவர் இருக்கும் இடம் கெர்னல். ஆலையில் செம்பனைக் கொட்டையை உடைத்து உள்ளே எடுக்கும் பருப்பையும் கெர்னல் என்றுதான் சொல்கிறோம். கணினியை நடத்தும் மென்பொருளின் உள்ளே இருக்கும் பருப்புதான் இந்தக் கெர்னல். கம்பிகளையும் சில்லுகளையும் நேராகத் தொடும் உரிமை அதற்கு உண்டு. மற்ற நிரல்கள் அதனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. சில சில்லுகளிடம் இரண்டு படியாகப் பேச வேண்டும். முதலில் “எத்தனையாவது பெட்டி வேண்டும்” என்று சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பெட்டியில் உள்ளதைப் படிக்க வேண்டும். ஒருவன் பெட்டியைச் சொல்லிவிட்டுப் படிப்பதற்குள் வேறொருவன் நடுவில் புகுந்து வேறு பெட்டியைச் சொன்னால், முதலாமவன் விசிறியின் வேகம் என்று எண்ணிச் சூட்டைப் படித்துவிடுவான். வரிசையைக் காக்க ஒரே ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு கெர்னலுடையது.

1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலைத்தான் இன்று எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதன் உள்ளே எழுதியிருப்பது என்ன என்பதை யாரும் திறந்து படிக்கலாம். குரோம்புக் மடிக்கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் உள்ளே இருப்பது இதே கெர்னல்தான். 1998-இல் ஃபுரோடோ லோயார்ட், பிலிப் எடெல்புரோக் என்ற இருவர் இந்த உணரிச் சில்லுகளுக்கான டிரைவர்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கினார்கள். எல்.எம்.75, எல்.எம்.78 ஆகியவற்றின் நினைவாகவே அந்த வேலைக்கு எல்.எம். சென்சார்ஸ் என்று பெயர் வந்தது. பின்னாளில் ஜான் டெல்வார், குந்தர் ரோக் போன்றவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கின்றன.

அவர்கள் செய்த பெரிய காரியம், எல்லா டிரைவர்களுக்கும் ஒரே அளவைப் பொதுவாக்கியது. சில்லு அரைப் பாகையில் பேசலாம், கால் பாகையில் பேசலாம். டிரைவர் வெளியே சொல்லும்போது மட்டும் சூட்டை ஆயிரத்தில் ஒரு பாகைக் கணக்கில் சொல்ல வேண்டும். 45 பாகை என்றால் 45000. மின் அழுத்தத்தை ஆயிரத்தில் ஒரு வோல்ட் கணக்கில் சொல்ல வேண்டும். விசிறியை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்ல வேண்டும். படியும் மரக்காலும் கிலோவும் கலந்து கிடந்த சந்தையில் ஒரே நிறையைக் கொண்டுவந்ததுபோல் இது ஆயிற்று.

ஆனால், நிறையைப் பொதுவாக்கிவிட்டால் மட்டும் எடை சரியாகிவிடுமா? டிரைவர் படும் பாட்டை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறேன்.

முதலாவது மின் அழுத்தம். கணினிக்குள் 12 வோல்ட் மின்சாரம் ஓடும் கம்பி ஒன்று உண்டு. அது 11.4 வோல்ட்டுக்குக் குறையாமலும் 12.6 வோல்ட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஆனால் எல்.எம்.78 சில்லால் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரைதான் அளக்க முடியும். ஆகவே பலகை செய்பவர்கள் இரண்டு மின்தடைகளை வைத்து 12-ஐ நான்கில் ஒரு பங்காக்கி, 3 வோல்ட்டாக உள்ளே அனுப்புகிறார்கள். சில்லுக்குத் தெரிவது 3 மட்டும். வெளியே நான்கில் ஒரு பங்கு ஆக்கினார்களா, வேறு கணக்கில் குறைத்தார்களா என்பது சில்லுக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. பலகை செய்தவருக்கே தெரியும். ஆகவே லினக்ஸ் டிரைவர், சில்லின் காலில் வந்த எண்ணை மட்டும் உள்ளபடி சொல்லும். பெருக்க வேண்டிய எண்ணைத் தனியே ஒரு கோப்பில் நாம் எழுதிக்கொள்ள வேண்டும். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் டிரைவர் சொல்வதில்லை.

இரண்டாவது விசிறி. கணினி விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு முறை துடிப்பு அனுப்பும். எல்.எம்.78 சில்லுக்குள் நொடிக்கு 22,500 முறை தட்டும் கடிகாரம் உண்டு. விசிறி ஒரு சுற்று முடிப்பதற்குள் எத்தனை தட்டு விழுந்தது என்று சில்லு எண்ணும். ஆனால் அதற்கு 255-க்கு மேல் எண்ணத் தெரியாது. ஆகவே இரண்டு தட்டுக்கு ஒன்று என்று எண்ணுகிறது. நிமிடத்துக்கு 4500 சுற்று சுற்றும் விசிறிக்கு 150 என்று வரும், கணக்குச் சரி. விசிறி 2000 சுற்று மட்டும் சுற்றினால் 337 வர வேண்டும். சில்லு 255-இலேயே நின்றுவிடும். அப்போது திரையில் “விசிறி ஓடவில்லை” என்று வரும். விசிறியோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்! எட்டுத் தட்டுக்கு ஒன்று என்று எண்ணச் சொன்னால் 84 என்று சரியாக வந்துவிடும். சில டிரைவர்கள் இதைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. மற்றவற்றில் நாம்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, செயலிக்குள் இருக்கும் உணரி. இன்டெல் நிறுவனத்தின் செயலிகளில் இது ஒரு விசித்திரமான பதில் சொல்லும். “என் சூடு இவ்வளவு” என்று சொல்லாது. “என் எல்லைக்கு இன்னும் 25 பாகை இருக்கிறது” என்று சொல்லும். எல்லை 100 பாகை என்றால் இப்போதைய சூடு 75. எல்லை 85 என்றால் சூடு 60. பழைய செயலிகளில் அந்த எல்லையைச் செயலியிடமே கேட்டு அறிய வழி இருக்கவில்லை. டிரைவர் எழுதுகிறவர்கள் செயலியின் வகையைப் பார்த்து அனுமானிக்க வேண்டியிருந்தது. அனுமானம் தவறினால் 15 பாகை தவறும். பின்னர் வந்த செயலிகள் எல்லையையும் தாமே சொல்கின்றன. இதைப் போல, 2017-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகள், விசிறியை இயக்கும் முறை எல்லாச் செயலிகளுக்கும் ஒன்றுபோல் இருப்பதற்காக, உண்மைச் சூட்டோடு 20 பாகை கூட்டிச் சொல்லும்படி செய்யப்பட்டிருந்தன. அந்த நிறுவனமே இதை வெளிப்படையாக அறிவித்தது. அதன்பின் டிரைவரில் 20-ஐக் கழித்துக்கொண்டார்கள்.

இப்போது ஒரு கேள்வி. உணரியே நம்பத்தகாதது என்று தெரிந்தால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? ஏ.எம்.டி. நிறுவனத்தின் பெனம் காலத்துச் செயலிகள் சிலவற்றில் சூடுணரி சரியாக வேலை செய்யாது என்று நிறுவனமே தன் பிழைப்பட்டியலில் எழுதியது. அந்தச் செயலிகளைக் கண்டால் லினக்ஸ் டிரைவர், “இந்த உணரி நம்பத்தகாதது, கண்காணிப்பை நிறுத்துகிறேன்” என்ற பொருளில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பொய் சொல்லும் மானியைவிட மானி இல்லாததே மேல் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அதையே இந்த டிரைவர் செய்கிறது. காரணம் இருக்கிறது. பல கணினிகளில் இந்த எண்ணைப் பார்த்தே விசிறியை வேகமாக்குகிறார்கள், மெதுவாக்குகிறார்கள். எண் பொய்யானால் விசிறி நிற்க வேண்டாத நேரத்தில் நின்றுவிடும்.

தவறான வாசிப்பைவிடக் கொடுமையான ஒன்றும் நடந்திருக்கிறது. எந்தச் சில்லு எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரியாதபோது, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வோர் எண்ணையும் கேட்டுப் பார்ப்பார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஐ.பி.எம். திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் இப்படித் தட்டிப் பார்த்தபோது, அதே கம்பியில் இருந்த ஒரு நினைவகச் சில்லு, கேள்வியை “எழுது” என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டது. அதில் இருந்த முக்கியத் தகவல் அழிந்தது. அந்தக் கணினிகள் மறுபடியும் தொடங்க மறுத்தன. சூட்டை மட்டும் பார்க்க வந்தவர்களின் கணினி பயனற்றுப் போயிற்று. இதை அறிந்ததும் அந்தத் தொண்டர்கள் மறைக்கவில்லை. எச்சரிக்கையை எழுதி வைத்தார்கள். ஐ.பி.எம். கணினி என்று தெரிந்தால் அந்தக் கம்பியைத் தொடவே மாட்டேன் என்று மறுக்கும்படி டிரைவரைத் திருத்தினார்கள். இன்றும் சென்சார்ஸ் டிடெக்ட் என்ற தேடும் நிரல் ஒவ்வொரு படியிலும் நம் அனுமதியைக் கேட்டே அடுத்த படிக்குப் போகிறது.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் அடிப்படை என்ன? சில்லின் விவரப் புத்தகம் கையில் இல்லாமை. சில நிறுவனங்கள் விவரத்தை எல்லோருக்கும் வெளியிடுகின்றன. அவற்றின் சில்லுகளுக்கு டிரைவர் விரைவில் வந்துவிடுகிறது. சில நிறுவனங்கள் பூட்டி வைக்கின்றன. அப்போது சில்லைச் சோதித்துச் சோதித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. புதிய பலகை வாங்கியவர்களுக்கு விசிறியின் வேகம் தெரியாமலே போவதும் இதனால்தான்.

பால்மரம் வெட்டிய தலைமுறையினருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வாளியில் கொண்டுவந்த பாலை நிறுத்து எழுதும்போது, தராசின் முள்ளைத் தொழிலாளியும் எட்டிப் பார்க்க முடிந்தால் மனத்தில் ஐயமில்லை. பார்க்க முடியாவிட்டால், எழுதியது சரியான எடையாகவே இருந்தாலும் ஐயம் நீங்காது. எந்த அளவும் அப்படியே. என்ன எண் வந்தது, அதை எப்படிப் பெருக்கினார்கள், எதைக் கழித்தார்கள் என்று திறந்து காட்டினால்தான் அளவின் மேல் நம்பிக்கை பிறக்கும். லினக்ஸ் டிரைவர்களில் கணக்கு முழுவதும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சில்லின் குணத்தையும் குறையையும் விளக்கும் குறிப்புகளும் உடன் வைக்கப்பட்டிருக்கின்றன. படிக்கத் தெரிந்த பிள்ளை எந்தத் தோட்டத்தில் பிறந்திருந்தாலும் அதைப் படிக்கலாம். தவறு கண்டால் எழுதி அனுப்பலாம்.

இனி, வீட்டில் நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

மடிக்கணினியை மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மேசையிலோ பலகையிலோ வையுங்கள். தகரக் கூரையின் கீழ் உச்சிவேளையில் அறையே சூடாக இருக்கும்போது கணினியும் கூடுதலாகச் சுடும் என்பதை நினைவில் வையுங்கள்.

லினக்ஸ் உள்ள கணினியானால், சென்சார்ஸ் என்ற சிறு நிரலைப் பிள்ளையை இயக்கச் சொல்லுங்கள். வேறு மென்பொருள் உள்ள கணினியானாலும் சூட்டைக் காட்டும் நிரல்கள் கிடைக்கும். கணினி சும்மா இருக்கும்போது ஒரு முறையும், படம் ஓடும்போது ஒரு முறையும் சூட்டைக் குறித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு நாள் எண்ணைவிட, மாதங்கள் கடந்தபின் அந்த எண் எப்படி மாறியது என்பதே அதிகம் சொல்லும். உணரி சில பாகை தவறாகச் சொன்னாலும், பெரும்பாலும் ஏறக்குறைய அதே அளவு தவறாகவே சொல்லும். ஆகவே மாற்றம் தெரிந்துவிடும். போன ஆண்டு சும்மா இருக்கும்போது 45 பாகை காட்டியது, இந்த ஆண்டு அதே அறையில் 70 காட்டினால், தூசியையோ விசிறியையோ சந்தேகிக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காற்றுத் துளைகளைத் துப்புரவு செய்து பாருங்கள்.

127 என்றோ, சுழியத்துக்குக் கீழே 128 என்றோ ஓர் எண் மாறாமல் நின்றால் பயப்பட வேண்டாம். சில்லின் அந்தக் காலில் எதுவும் இணைக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். விசிறியின் வேகம் சுழியம் என்று காட்டினால், காதை வைத்துக் கேளுங்கள். ஓடும் ஓசை கேட்டால் கணக்கில் கோளாறு. ஓசை இல்லாமல் சூடும் ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கையில் எண்களோடு வருகிறவரிடம் கடைக்காரரும் காரணத்தோடுதான் பேச வேண்டியிருக்கும்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள். திரையில் ஓர் எண் தெரிந்தால் அதை அப்படியே நம்பிவிடாமலும், புரியவில்லை என்று ஒதுக்கிவிடாமலும், “இதை எது அளந்தது? யார் கணக்குப் போட்டது?” என்று கேட்கப் பழக்குங்கள். கணினிப் பாடத்துக்கு மட்டுமின்றி, சம்பளச் சீட்டைப் படிக்கவும் மின்கட்டணத்தைச் சரிபார்க்கவும் அந்தப் பழக்கம் உதவும்.